குடியில்லாத பானை

சுவரில் ஏறிக்கொண்டிருந்த பல்லி வழுக்கி விழுவதைப் பிபியானா தன் நாற்பத்தாறு வயதில் அந்தச் செவ்வாய்க்கிழமைதான் முதன்முதலாகப் பார்த்தாள். விழுந்தது கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தது. பிறகு ஒன்றும் நடக்காததுபோல எழுந்து மறுபடியும் அடுப்படிச் சுவரில் கால் வைத்தது. முழங்கால் உயரம் போனதும் நான்கு கால்களும் ஒன்றாக விட்டுப்போயின. மூன்றாவது முறை அது ஏறவில்லை. சுவரைப் பார்த்தபடி மூலையிலேயே உட்கார்ந்துவிட்டது.

பிபியானா சுவரை விரலால் தடவினாள். எண்ணெய் இல்லை, ஈரமும் இல்லை. ஆனாலும் விரல் நிற்கவில்லை, தன்னால் கீழே வந்துவிட்டது. சாம்பலைத் தொட்டுத் தேங்காய் நாரால் அரைமணி நேரம் தேய்த்தாள். தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம்.

இதற்கு ஊரில் என்ன காரணம் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனாலேயே யாரிடமும் சொல்லவில்லை.

காரணம், முதல் நாள் திங்கட்கிழமை நடந்த காரியம். வெள்ளிக்கிழமை கவாய் அறுவடைத் திருநாள். கவாய்க்குக் குரங்குப்பானைச் சோறு இல்லாத வீடு அந்த மலையில் கிடையாது. சதுப்பில் தரையோடு தரையாகக் குந்தியிருக்கும் அந்தக் குரங்குப்பானைச் செடியின் குடம்போன்ற இலைப்பானைகளைப் பறித்து, உள்ளே தேங்கிய நீரையும் செத்த பூச்சிகளையும் கொட்டி, கழுவி, பசையரிசியும் தேங்காய்ப்பாலும் நிரப்பி ஆவியில் வேகவைப்பார்கள். பானை பூச்சிகளுக்குப் பொறி. வாயில் தேன் தடவி வரவேற்கும், உள்ளே கால் வைத்தால் வழுக்கிவிடும், விழுந்ததை மெல்லக் கரைத்துக் குடிக்கும். அப்பேர்ப்பட்ட பொறிக்குள்ளேயே சில சமயம் ஒருத்தி குடித்தனம் நடத்துவாள். மிளகளவு உடம்பு, அதற்குப் பொருந்தாத நீளத்தில் இரண்டு முன்னங்கை. நண்டுபோல அவற்றை விரித்துக்கொண்டு பானையின் விளிம்புக்குக் கீழே காத்திருக்கும் சிலந்தி. விழுகிற பூச்சியில் பானைக்கு ஒரு பங்கு, அவளுக்கு ஒரு பங்கு. யாராவது பானையை ஆட்டினால் தன் இழையைப் பிடித்துக்கொண்டு நீருக்குள் இறங்கி ஒளிந்துவிடுவாள். ஆபத்து போனதும் அதே இழையில் ஏறி வருவாள். ஊரில் அவளுக்குப் பெயரே குடித்தனக்காரி.

ஆகவே பானை பறிக்கிறவர்கள் முதலில் அதை நகத்தால் மூன்று தட்டுத் தட்டி, "வீட்ல யாரு?" என்று கேட்கவேண்டும். கேட்டுவிட்டு ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் காத்திருக்கவேண்டும். சிலந்தி மேலே வந்தால் அந்தப் பானையை விட்டுவிட வேண்டும். வராவிட்டால் பறிக்கலாம்.

பிபியானா தட்டினாள், கேட்டாள். காத்திருக்கத்தான் இல்லை. மழை இருட்டிக்கொண்டு வந்தது, இன்னும் நாற்பது பானை வேண்டியிருந்தது, வெற்றிலையும் தீர்ந்துபோயிருந்தது.

அன்று மாலை மாதிரிக்கு வேகவைத்த பானைகளில் ஒன்றைப் பிளந்து ருசி பார்க்கும்போது பக்கத்தில் சுனோக் இருந்தாள். சுனோக் அவளுடைய ஓரகத்தி. பிபியானாவின் செத்துப்போன புருஷனுக்கு அண்ணன் பெண்டாட்டி, அடுத்த வீடு. வெள்ளைச் சோற்றுக்கு நடுவே வெந்து வெளுத்து, இரண்டு கைகளையும் அகல விரித்தபடி அது கிடந்தது. கையிலிருந்த மெல்லிய இழை பானையின் உள்சுவர்வரை போயிருந்தது.

சுனோக் வாயில் போட்ட சோற்றைத் துப்பினாள்.

"அடிப்பாவி. காத்திருக்கலையா நீ?"

"மழை வந்துச்சுக்கா."

"மழைக்கு வாய் இருந்தா அது சொல்லும், நான் என்னடி செஞ்சேன்னு. குடியிருந்தவளை அவிச்சுட்டியே. குடியில்லாத பானை குடி தேடும்னு உனக்குத் தெரியாதா? ஏழு நாள் வீட்டைத் திறந்து போட்டுட்டு எங்கயாவது போ. கூச்சிங் டவுன்ல உன் பொண்ணுகிட்ட போய் இரு. உள்ளே யாரும் இல்லேன்னு பார்த்துட்டு அது போயிடும்."

"எது?"

"அதெல்லாம் கேக்காதே. போ."

"என் பொண்ணே வியாழக்கிழமை இங்க வர்றா. நான் அங்க போய் யாருக்குச் சோறு போட?" என்றாள் பிபியானா. சிலந்தியைச் சோற்றோடு வழித்து வெளியே எறிந்தாள்.

செய்யாதே என்றால்தான் அவளுக்குக் கை துறுதுறுக்கும், போ என்றால்தான் கால் ஊன்றும். அதற்குக் காரணமும் இருந்தது. அந்த வீட்டின் தூண்களில் பாதி அவள் தோளில் ஏறி வந்தவை. புருஷன் போன பிறகு கொல்லைப்புறம் மழைநீர்த் தொட்டியைத் தனி ஆளாகக் கட்டினாள். சிமெண்ட் உறைகளை இறக்கி, உள்ளே இறங்கி நின்று, கையாலேயே வழவழவென்று பூசினாள். ஒன்றரை ஆள் ஆழம். ஆனால் நிலம் புருஷன் குடும்பத்தது. சுனோக்கின் புருஷன் ரங்காவ், 'ஒண்டிக்கட்டைக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வீடு' என்று இரண்டு கவாயில் இரண்டு தடவை கேட்டுவிட்டான், இரண்டு தடவையும் சிரித்துக்கொண்டே. ஏழு நாள் வெளியே போனால் எட்டாம் நாள் தன் கதவில் வேறு பூட்டுத் தொங்கும் என்பதில் பிபியானாவுக்குச் சந்தேகமே இல்லை. ஒரு சிலந்திக்காக வீட்டை விட்டுக்கொடுக்க அவள் என்ன பைத்தியமா?

புதன்கிழமை காலை அடுப்படி மூலையில் ஏழு பல்லிகள் இருந்தன.

வாசனையும் அன்றைக்குத்தான் வந்தது. முதலில் பலாப்பழம் என்று நினைத்தாள். பிறகு தேன் என்று தோன்றியது. பிறகு, மழை பெய்து ஓய்ந்த மதியத்தில், தகரக் கூரையிலிருந்து கடைசிச் சொட்டுகள் நீர்த்தாரையில் விழுந்து, தாரையிலிருந்து தொட்டிக்குள் ஒவ்வொன்றாக இறங்கும் சத்தத்தைக் கேட்டபடி அவள் படுத்திருந்தபோது, அது இரண்டுமில்லை, மகள் எல்வினா கைக்குழந்தையாக இருந்தபோது அவள் உச்சந்தலையில் வீசிய வாசனை அது என்று புரிந்தது. எங்கிருந்து வருகிறது என்று தேடினாள். ஒரு மூலையிலிருந்து வரவில்லை. வாசல் நிலை, ஜன்னல் சட்டம், கொல்லைப்படி, எதில் மூக்கை வைத்தாலும் அதிலிருந்து வந்தது. வாசல் நிலையில் கை வைத்தால் விரல் ஒட்டியது.

எறும்பும் வந்தது. சாரை சாரையாக வாசல்வழியே உள்ளே வந்தது. திரும்பிப் போகிற சாரையை மட்டும் காணவில்லை.

"வாங்க வாங்க," என்றாள் பிபியானா எறும்புகளிடம். "கவாய்க்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு. அவசரமா உங்களுக்கு?" அவள் குரல் வீட்டுக்குள் ஒரு மாதிரி சுற்றி வந்தது. குடத்துக்குள் பேசினால் கேட்குமே, அப்படி. அதனாலேயே இன்னும் சத்தமாகப் பேசினாள். "யாரா இருந்தாலும் கேட்டுக்கோ. வீட்டுக்காரி நான். குடியிருக்கணும்னா கையைக் காலைச் சுருட்டிக்கிட்டு மூலையில இரு. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை விரட்டுற கதை என்கிட்ட நடக்காது."

பேசியதும் தைரியம் வந்தது. திரும்பப் படுத்தாள். நன்றாகத் தூங்கினாள்.

விழித்தபோது தலைமுடி நனைந்திருந்தது. கூரை ஒழுகவில்லை. பாய் காய்ந்து கிடந்தது. முழங்கால்கள் இரண்டிலும் பச்சையாகப் பாசி ஒட்டியிருந்தது. தோள்கள் இரண்டும், நாளெல்லாம் எதையோ விரித்துப் பிடித்துக்கொண்டிருந்ததுபோல வலித்தன. காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை என்பது அப்போதுதான் நினைவு வந்தது. ஆனால் வயிறு நிறைந்திருந்தது.

கொல்லைப்படியில் அவளுடைய சிவப்புக் கோழி படுத்திருந்தது. விரட்டினாள், நகரவில்லை. தூக்கினாள். தூக்கிய வேகத்தில் கை தலைக்கு மேல் போய்விட்டது, கோழிக்கு எடையே இல்லை. இறகு கலையவில்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை, கண்கூடத் திறந்திருந்தது. கழுத்துக்குக் கீழே மட்டும் ஊசி குத்தியதுபோல இரண்டு துளை. உள்ளே ஒன்றுமே இல்லை.

அவள் அதை வாழைத்தோப்பில் புதைத்தாள். மண்ணை மிதித்து மூடும்போது ஏப்பம் வந்தது.

"பிபி, எங்க நாயைப் பார்த்தியா?"

சுனோக் வேலியைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள். பிபியானா பார்க்கவில்லை என்றாள். உண்மையிலேயே பார்க்கவில்லை. வீட்டுக்கு அடியில், தூண்களுக்கு நடுவே, மத்தியானம் நிழலாக ஏதோ படுத்திருந்தது. அதைக் குனிந்து பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

"என்னடி இது, இவ்வளவு நல்ல வாசனை? என்ன சமைக்கிறே?" என்றபடி சுனோக் கொல்லைப்படியில் கால் வைத்தாள். வைத்த கால் நிற்கவில்லை. பக்கவாட்டில், தொட்டி இருக்கும் பக்கமாக அவள் உடம்பு முழுவதும் சரிந்தது. பிபியானா எட்டி அவள் முழங்கையைப் பிடித்தாள்.

பிடித்தவள் விடவில்லை.

சுனோக்கின் கை கொழுத்திருந்தது. தோலுக்கு அடியில் ரத்தம் ஓடுவது பிபியானாவின் விரல்நுனிகளுக்குத் தெரிந்தது, ஒரு ஓடையின் சத்தம் போலவே தெரிந்தது. அது எவ்வளவு சூடாக இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. யாருடைய நினைப்பு இது என்று அவள் திடுக்கிட்டாள்.

"விடுடி. வலிக்குது."

விட்டாள்.

சுனோக் படியைப் பார்த்தாள். பிறகு பிபியானாவின் வெறுங்கால்களைப் பார்த்தாள். அவை அதே படியின் ஓரத்தில், சரிவில், ஆணி அடித்ததுபோல நின்றிருந்தன.

"உனக்கு வழுக்கலையா?"

"என் வீடு எனக்கு வழுக்குமா?"

சுனோக்கின் முகத்தில் இருந்த குறும்பெல்லாம் போயிற்று. "பிபி, சண்டையை எல்லாம் விட்டுடு. இப்பவே கிளம்பு. ராத்திரிக்கு எங்க வீட்ல படுத்துக்கோ. வீட்டை நான் பார்த்துக்கறேன்."

கடைசி வாக்கியத்தை மட்டும் அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"பார்த்துக்குவே," என்றாள் பிபியானா. "பார்த்துக்கிட்டே இருந்துதானே ஒன்பது வருஷம் ஓடிச்சு. போய் உன் புருஷன்கிட்ட சொல்லு, இந்த வீட்லேருந்து நான் வெளியே வர்றதா இருந்தா நாலு பேர் தூக்கித்தான் வருவேன்னு."

"வாயைக் கழுவு," என்றாள் சுனோக். அழுதுகொண்டே போனாள். அவள் அழுது பிபியானா பார்த்ததில்லை. கூப்பிட வாய் எடுத்தாள். ஆனால் தான் ஜெயித்த சண்டையைத் திருப்பிக்கொடுக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை.

அன்று இரவு அவள் எப்படித் தூங்கினாள் என்பது அவளுக்கே தெரியாது. வியாழக்கிழமை விடிந்தபோது வாசல் நிலைக்கு மேலே, உள்பக்கமாக, இரண்டு கைகளையும் விரித்துச் சுவரோடு ஒட்டி இருந்தாள். கீழே இறங்குவது சிரமமாகவே இல்லை.

மதியம் எல்வினா வந்துவிடுவாள்.

தன் மகள் வீட்டுக்கு வருகிற விதம் பிபியானாவுக்கு மனப்பாடம். கூச்சிங்கிலிருந்து மோட்டார்சைக்கிளில் வந்து, ஓடைப் பாலத்தில் அதை நிறுத்திவிட்டு, வாழைத்தோப்புப் பாதையில் கொல்லைப்புறமாக ஏறுவாள். பையை இறக்கிவைக்குமுன், அம்மா என்று கூப்பிடுமுன், நேரே தொட்டிக்குப் போவாள். கவாய்க்கு ஊறவைத்த அரிசிக் கள்ளுப் புட்டிகளைக் குளிர்ச்சிக்காகப் பிபியானா கயிறு கட்டித் தொட்டி நீருக்குள் தொங்கவிடுவது வழக்கம். முதல் புட்டியை இழுத்து எடுப்பது எல்வினாவின் உரிமை. பதினைந்து வயதில் திருட்டுத்தனமாக இழுத்தாள், இருபத்துநான்கு வயதில் அதிகாரமாக இழுக்கிறாள்.

பிபியானா தொட்டிக்குப் போனாள். புட்டிகளை எடுத்து முன்வாசலில் வைத்துவிடலாம், பிள்ளை அந்தப் பக்கமே வரவேண்டாம் என்று நினைத்தாள். தகரமூடியை நகர்த்தினாள். நான்கு புட்டி தொங்கவிட்டிருந்தாள், நான்கு பச்சை நைலான் கயிறு.

விளிம்பில் ஐந்து இருந்தன.

ஐந்தாவது வெள்ளையாக இருந்தது, தூண்டில் நரம்பைவிடக் கொஞ்சம் தடிமன். அதன் ஒரு நுனி விளிம்புக்கு அடியில், உள்சுவரில் ஒட்டியிருந்தது. அங்கிருந்து நீருக்குள் இறங்கி, வளைந்து, மறுபடி மேலே வந்து விளிம்பைத் தாண்டி வெளியே தொங்கியது. அவள் அதைப் பிடித்து இழுத்தாள். இலகுவாக வந்தது. இன்னும் இழுத்தாள். காலடியில் சுருள் சுருளாகச் சேர்ந்தது. பிறகு இறுகியது.

இறுகியது நீருக்குள் அல்ல. அவள் முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே, ஏதோ சுண்டியது.

மெல்லக் கையைப் பின்னால் கொண்டுபோனாள். ரவிக்கைக்குக் கீழே தொட்டுப் பார்த்தாள். இழை அங்கேதான் தொடங்கியது. வெதுவெதுப்பாக இருந்தது.

அரிவாளை எடுத்து வெட்டினாள். வெட்டுப்பட்டது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது ஊறி வந்து தொட்டி விளிம்பில் ஒட்டிக்கொண்டது. இன்னொரு முறை வெட்டினாள். பத்து முறை வெட்டினாள். "நான் வீட்டுக்காரி," என்று ஒவ்வொரு வெட்டுக்கும் சொன்னாள். "நான் வீட்டுக்காரி." குடத்துக்குள் சுற்றும் அதே குரல் திரும்பி வந்தபோது அவளுக்கு விளங்கியது. வீட்டுக்குள் யாரும் வரவேயில்லை, வீடேதான் பானை. பயந்து ஓடியிருந்தால் பானை காலியாக இருந்திருக்கும். ஓடமாட்டேன் என்று உட்கார்ந்தாளே, குடி கிடைத்துவிட்டது.

சரி. இப்போது போகலாம். வீடும் வேண்டாம், நிலமும் வேண்டாம், ரங்காவ் வந்து பூட்டுப் போட்டுக்கொள்ளட்டும். கோயில் மேட்டுக்குப் போனால் போனில் எல்வினாவைப் பிடித்துவிடலாம், ஊருக்குள் அங்கே மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். வராதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். போனை எடுத்துக்கொண்டு ஓடினாள். வேலியைத் தாண்டிப் பத்து அடியில் மூச்சு குறைந்தது. இருபது அடியில் தோல் காய்ந்து இழுத்தது. கரையில் போட்ட மீன்போல வாய் தானாகத் திறந்து மூடியது. விடாமல் இன்னும் ஐந்து அடி வைத்தாள், கண் இருட்டி விழுந்தாள். முட்டிக்கால் போட்டபடி சுனோக்கைக் கூப்பிட்டாள். சுனோக் வீட்டில் யாரும் இல்லை. கோயில் கூடத்தில் ஊரே சேர்ந்து கோங்குச் சேகண்டி அடித்துப் பழகிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

இழையைப் பிடித்துத் தவழ்ந்து திரும்பினாள். ஒவ்வொரு அடிக்கும் மூச்சு இனித்தது.

செய்யவேண்டியதைச் செய்தாள். முன்கதவுக்கு உள்ளிருந்து ஆணி அடித்தாள். ஜன்னல்வழியே கையை நீட்டி, வாசல் நிலையில் பச்சிலைக் கொத்து ஒன்றைத் தலைகீழாகக் கட்டினாள். இலைக்கொத்துக் கட்டிய வீட்டுக்குள் அந்த மலையில் யாரும் கால் வைக்கமாட்டார்கள், பெற்ற பிள்ளைகூட. இரண்டாவது கொத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் வந்தாள். கட்டவேண்டிய இடம் வாழைத்தோப்புப் பாதையின் முனை.

கை நின்றது.

பாலத்தில் மோட்டார்சைக்கிள் சத்தம். அணைந்தது.

காற்று கீழேயிருந்து வந்தது. பெட்ரோல், வெயில், சாம்பு, அதற்கெல்லாம் அடியில் அந்தக் கைக்குழந்தை வாசனை. பிபியானாவின் வாயில் நீர் ஊறியது. இலைக்கொத்து விழுந்தது. அவள் கைகள் இரண்டும் தோளிலிருந்து மெல்ல மேலே எழுந்தன. விரிந்தன.

'இல்லை,' என்றாள் மனதுக்குள். கைகள் கேட்கவில்லை.

எல்வினா பாடிக்கொண்டு ஏறிவருகிறாள். இன்னும் இருபது வாழைமரம். கத்தி விரட்டலாம் என்று வாயைத் திறந்தாள். வெளியே வந்தது குரல் இல்லை, வாசனைதான். வீடு முழுவதும் தேன் கசிந்தது.

அந்த நேரத்தில் அவளுக்கு ஒன்றே ஒன்று தோன்றியது. யாராவது பானையை ஆட்டினால் குடித்தனக்காரி என்ன செய்வாள்? இறங்கி ஒளிவாள். அவர்கள் போகும்வரை அடியிலேயே இருப்பாள். பிபியானா விரிந்த கையை மடக்கித் தொட்டிச் சுவரில் ஓங்கி அடித்தாள். ஒரு தடவை. இரண்டு. மூன்று. சுவர் அதிர்ந்தது. அவள் உடம்பு திடுக்கிட்டுச் சுருங்கியது, அவளைக் கேட்காமலே விளிம்பைத் தாண்டியது. சபாஷ், என்று நினைத்தாள். உன் குணத்தாலேயே உன்னை மடக்கினேன் பார்.

ஒரு மூச்சை மட்டும் பிடித்துக்கொண்டு நீருக்குள் போனாள்.

அடியில் பச்சை இருட்டு. குளிர். மேலே வட்டமாக வெளிச்சம். கன்னத்தருகே நான்கு புட்டிகள் மெல்ல ஆடின. அடித்தரையில் பூச்சு விட்ட இடத்தில் ஒரு இரும்புக் கம்பி துருத்திக்கொண்டிருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் அவள் வெட்டாமல் விட்டது. அதை இரண்டு கையாலும் பற்றினாள். எல்வினா வீட்டைச் சுற்றிப் பார்ப்பாள், முன்பக்கம் போவாள், இலைக்கொத்தைக் காண்பாள், சுனோக்கிடம் ஓடுவாள். அதுவரைக்கும்தான். மூச்சு தீர்ந்தால் தீரட்டும். யாருக்குப் பிடிவாதம் அதிகம் என்று பார்த்துவிடலாம்.

"அம்மா, நான் வந்துட்டேன்."

குரல் நீருக்குள் வட்டமாக இறங்கியது.

"எங்க போனே? சரி, என் பங்கை நான் எடுத்துக்கறேன். அப்புறம் கத்தாதே."

ஒரு கயிறு அசைந்தது. அவள் காதருகே இருந்த புட்டி எழுந்து வெளிச்சத்துக்குள் போனது. மூடி திறக்கும் சத்தம். சிரிப்பு. குடித்துக்கொள் தங்கம். குடித்துவிட்டுப் போ. முன்பக்கம் போ.

"இதென்ன, அஞ்சாவது? எனக்குத் தெரியாம ஒளிச்சு வச்சிருக்கியா?"

இடுப்பில் சுண்டியது.

கம்பியை இறுக்கினாள்.

"அப்பா, என்ன கனம். ஜாடியையே இறக்கிட்டியா?"

மறுபடி. இந்தத் தடவை இரண்டு கையாலும் இழுக்கிறாள். முதுகுத்தோல் கூடாரமாக எழும்பியது. கம்பி உள்ளங்கையை அறுத்தது. விடமாட்டேன். செத்தாலும் விடமாட்டேன்.

மேலே வட்டத்துக்குள் மகளின் தலை தெரிந்தது. தோள் தெரிந்தது. மார்புவரை விளிம்பில் சாய்ந்திருந்தாள். விளிம்பில் அவள் ஊன்றியிருந்த முழங்கை ஒரு விரற்கடை உள்ளே வழுக்கியது. "ஐயோ," என்று சிரித்தாள். இன்னும் ஒரு விரற்கடை. கால் தரையை விட்டிருக்கவேண்டும்.

பிடித்துக்கொண்டால் அவள் உள்ளே விழுவாள்.

விட்டால்.

பிபியானா விட்டுவிட்டாள்.

உடம்பு எழுந்தது. ஒரு கை நீளம். இன்னொரு கை நீளம். புட்டிகள் தோளில் இடித்து விலகின. வெளிச்சம் அகலமாகிக்கொண்டே வந்தது. அதன் நடுவில் எல்வினா, கனம் குறைந்த சந்தோஷத்தில் விளிம்பில் கால் ஊன்றி நிமிர்ந்து, வேகவேகமாக இழுத்துக்கொண்டிருந்தாள். நாக்கைக் கடித்தபடி, பதினைந்து வயதில் இழுத்த அதே முகத்தோடு. பிபியானா கைகளை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். பற்களால் மணிக்கட்டைக் கவ்விக்கொண்டாள். நான் வீட்டுக்காரி. நான் இவளுடைய அம்மா.

முகத்துக்கும் காற்றுக்கும் நடுவே ஒரு சாண் நீர் இருந்தபோது, கைகள் இரண்டும் பல்லிடமிருந்து மெதுவாக விடுவித்துக்கொண்டு விரிந்தன.